இறக்கமும் ஒரு கடிதமும்

(குன்னூரில் வாகன ஓட்டுநர்களும் தோட்டத் தொழிலாளர்களும் சிறு தேயிலை விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலையில் மேட்டுப்பாளையத்திலிருந்து நான் ரயிலில் வந்தேன். பஸ்ஸில் ஏறியிருந்தால் பாதி நேரத்தில் வந்து சேர்ந்திருக்கலாம். ஆயினும், இந்த மாலையில் நான் பேசவேண்டிய விஷயத்தை முன்னிட்டு, வேண்டுமென்றே ரயிலைத் தேர்ந்துகொண்டேன். ஏனென்றால், பிரேக் என்னும் பொருளைப் பற்றி இந்த மலையில் முதன்முதலில் ஆழ்ந்து சிந்தித்தவர்கள் அந்த ரயில்பாதையை அமைத்தவர்களே என்பது என் அபிப்பிராயம். 1899-ஆம் ஆண்டில் குன்னூர் வரையிலும், 1908-ல் உதகை வரையிலும் வந்து சேர்ந்த அந்தப் பாதை, கல்லாரைத் தாண்டியதும் ஏறக்குறைய 12 அடிக்கு ஓர் அடி வீதம் உயரத் தொடங்குகிறது. வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தை நம்பி அவ்வளவு ஏற்றத்தில் ஏறவும் முடியாது, இறங்கும்போது நிற்கவும் முடியாது என்பதை உணர்ந்து, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகளைப் பதித்து, என்ஜினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டே செல்லும்படி செய்திருக்கிறார்கள். ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் வகுத்த முறை அது. என்ஜினும் முன்னால் நின்று இழுப்பதில்லை. ஏறும்போது பள்ளத்துப் பக்கம் நின்று மேலே தள்ளுகிறது. இறங்கும்போதும் அதே பள்ளத்துப் பக்கம் நின்று, பெட்டிகளின் பாரம் முழுவதையும் தன் முதுகில் தாங்கிக்கொண்டு இறங்குகிறது.

இவ்வளவு பந்தோபஸ்து செய்த பிறகும் அவர்களுக்கு மனம் ஆறவில்லை. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன், கையில் கொடியோடு, மழையிலும் பனியிலும் வெளியே நின்றபடி வருகிறார். என்ஜினில் இருக்கும் பிரேக்குகள் அனைத்தும் சரியாகவே இருக்கும் நாட்களில் அந்த மனிதருக்குப் பெரிய வேலை இல்லை என்றுகூடப் பார்ப்பவருக்குத் தோன்றலாம். ஆனால் அவரை அங்கே நிறுத்தியவர்கள், ஒரு பிரேக் தவறினால் இன்னொன்று, அதுவும் தவறினால் மற்றொன்று, எல்லாம் தவறினால் ஒரு மனிதனின் இரண்டு கைகள் என்று, தாங்கள் செய்த யந்திரத்தின்மீது தாங்களே சந்தேகம் கொண்டு, அந்தச் சந்தேகத்தையே ஒரு கடமையாக மேற்கொண்டவர்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சம்பிரதாயம் இங்கே தொடர்ந்து நடந்துவருகிறது.

ரயிலில் வந்தபோது, சில இடங்களில் எதிர்ச் சரிவில் தெரியும் காட் ரோட்டையும் பார்த்துக்கொண்டே வந்தேன். அதில் கார்களும், வேன்களும், பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றிய பிக்கப்புகளும், பஸ்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் எதற்கும் பல்சக்கரம் இல்லை, பிரேக்ஸ்மேன் இல்லை. ஓட்டுகிறவரின் வலது கால் ஒன்றுதான் உண்டு. அந்தக் காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே, எங்கோ தொலைவில் உள்ள ஒரு தொழிற்சாலையில், முகம் தெரியாத ஒருவர் பொருத்திய குழாயும் முளையும் போல்ட்டும் உண்டு. அந்தப் பொருத்தத்தில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது என்று பின்னால் தெரியவந்தால், அதைச் செய்த நிறுவனம் என்ன செய்யவேண்டும், அரசாங்கம் என்ன செய்யவேண்டும், நாம் என்ன செய்யவேண்டும் என்பதுதான் இன்றைய விஷயம்.

நான் 22 ஆண்டுகள் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் பௌதிகம் கற்பித்தவன். ஆகவே, பழைய வழக்கத்தை விடாமல், ஒரு சிறு கணக்கோடு தொடங்க அனுமதி கேட்கிறேன். குன்னூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 325 மீட்டர் அளவில் இருக்கிறது. ஆட்களும் மூட்டை முடிச்சுகளுமாகச் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் இந்த 1,500 மீட்டரையும் இறங்கி முடிக்கும்போது, அது இழக்கிற உயரம் எல்லாம் வெப்பமாக மாறித்தான் தீரவேண்டும். அந்த வெப்பத்தைக் கொண்டு சுமார் 65 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். 12 டன் எடையுள்ள பஸ் ஆனால், 500 லிட்டருக்கும் மேலே. கல்யாண வீட்டில் அத்தனை தண்ணீரைக் காய்ச்ச எத்தனை அண்டா வேண்டும், எவ்வளவு விறகு வேண்டும் என்று தாய்மார்களுக்குத் தெரியும். அந்த அனல் முழுவதும் பிரேக்கின் தலையில் விழவேண்டும் என்பதில்லை. முதல் கியரிலோ இரண்டாவது கியரிலோ இறங்கினால் என்ஜின் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தின் தாத்பரியம் அதுவே. பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி நியூட்ரலில் இறங்குகிறவர், அந்த அனல் முழுவதையும் நான்கு சக்கரங்களின் லைனிங்குக்கும் பேடுக்கும் வாரிக் கொடுக்கிறார்.

அனல் ஏறினால் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் சொல்லப்போகும் நியாயம் ஒன்று இதைச் சார்ந்திருக்கிறது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவத்துக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உண்டு. டாட் 3 என்று டப்பாவில் அச்சிட்டுவரும் ஆயில், புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. அதே ஆயில் நாளடைவில் நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாக நீரைச் சேர்த்துக்கொண்டபின், 140 டிகிரி வரையில் தாங்கினாலே போதும் என்று அதே விதி விட்டுக்கொடுக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்து, வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள்ளேயே குடியிருக்கிற நம் மலையில், அந்த நீர் எவ்வளவு சீக்கிரம் சேரும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகின்றன. மிதிக்கிற பலமெல்லாம் அந்தக் குமிழ்களை நசுக்குவதிலேயே செலவாகி, பெடல் பஞ்சுமெத்தைபோல் அமிழ்ந்துபோகிறது. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வண்டியை எப்படியோ நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டால், குமிழ்கள் அடங்கி, பிரேக் பழையபடி பிடிக்கத் தொடங்கிவிடும். பணிமனைக்குக் கொண்டுபோனால், 'ஒன்றும் குறை தெரியவில்லையே' என்று அனுப்பிவிடுவார்கள். ஓட்டியவர் சொன்னது பொய்போல் ஆகிவிடும்.

இனி என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அந்த அனுபவம் இல்லாவிட்டால் நான் இந்த மேடையில் நிற்கமாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், இங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், கோயம்புத்தூரில் ஒருவரிடம் மூன்று வயது நிறைந்த ஒரு சிறிய காரை வாங்கினேன். எந்த நிறுவனத்தின் கார் என்பதைச் சொல்லப்போவதில்லை. வண்டி நன்றாக இருந்தது. உதகை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் என் பெயருக்கு மாற்றிக்கொண்டேன். ஐந்தாறு மாதங்கள் குன்னூருக்கும் வெலிங்டனுக்குமாக ஓடியது. பிறகு ஒரு நாள், மனைவியையும் அவளுடைய தாயாரையும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்குப் புறப்பட்டேன். காட்டேரி வரையில் ஒரு குறையும் இல்லை. மரப்பாலத்தைத் தாண்டிய பிறகு ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தபோது, பெடல் வழக்கத்தைவிடக் கீழே போயிற்று. அடுத்த வளைவில் இன்னும் கீழே. அதற்கு அடுத்ததில், பலகையைத் தொட்டபின்தான் ஏதோ சிறிது பிடித்தது. இக்காலத்துக் கார்களில் பிரேக் ஆயில் இரண்டு தனிவழியாகப் பிரிந்து செல்கிறது. ஒன்று போனால் மற்றொன்று பாதிப் பிடிப்பையாவது கொடுக்கும். அந்தப் பாதிப் பிடிப்பையும், முதல் கியரையும், கைபிரேக்கையும் வைத்துக்கொண்டு, எதிரே ஏறிவந்த ஒரு லாரி டிரைவர் என் முகத்தைப் பார்த்தே நிலைமையைப் புரிந்துகொண்டு ஒதுங்கி நின்ற கருணையினாலும், பர்லியாறு வரையில் வந்து, பழக்கடைகளுக்குச் சற்று மேலே மலைச்சுவரோரம் அணைத்து நிறுத்தினேன். சக்கரத்துக்குக் கல் வைத்த கடைக்காரப் பெண்மணி, பின் இருக்கையில் இருந்த மாமியாருக்குத் தண்ணீர் கொடுத்தார். என் கால் நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

மேட்டுப்பாளையத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மெக்கானிக் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கையில் ஈரத்தோடு எழுந்து, "ஏனுங்க சார், இந்த வண்டிக்குக் கம்பெனியிலிருந்து லெட்டர் வரலீங்களா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரேக் ஆயில் செல்லும் குழாயைப் பிடித்துவைக்கும் கிளிப், அந்தக் காலத்தில் செய்த வண்டிகளில் சற்றே இடம் மாறிப் பொருந்திவிட்டதாகவும், வண்டி திரும்பும்போதெல்லாம் குழாய் உராய்ந்து உராய்ந்து ஓட்டையாகிவிடும் என்றும், அதை இலவசமாக மாற்றித் தருவதற்காக வண்டிகளைத் திருப்பி அழைத்திருக்கிறார்கள் என்றும் அவர் சொன்னார். "சமவெளியில அவ்வளவா தெரியாதுங்க சார். இங்க வளைவு ஜாஸ்தியில்லீங்களா" என்றார்.

கோயம்புத்தூர் நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். கடிதம் வந்திருந்தது. வண்டியை எனக்கு விற்றபின், அவருடைய விலாசத்துக்கு வந்திருந்தது. விற்றுவிட்ட வண்டியைப் பற்றிய கடிதம்தானே என்று பழைய ரசீதுகளோடு வைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் நல்லவர், அழுதேவிட்டார். ஆனால் அன்று முதல் ஒரு கேள்வி என்னை விட்டு அகலவில்லை. அரசாங்கப் பதிவேட்டில் அந்த வண்டிக்கு என் பெயர் இருந்தது. நிறுவனத்தின் பதிவேட்டில் பழைய பெயர் இருந்தது. ஆபத்து என் பெயரில் இருக்க, எச்சரிக்கை மட்டும் அவர் பெயருக்குப் போயிற்று.

இந்தத் 'திருப்பி அழைத்தல்' என்பதைச் சற்று விளக்குகிறேன். நம் பத்திரிகைகள் 'வாகனங்களைத் திரும்பப் பெறுகிறது' என்று எழுதுகின்றன. அதைப் படிக்கும் சாதாரண ஜனங்கள், வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றோ, பணத்தைத் திருப்பித் தருவார்கள் என்றோ எண்ணி மயங்குகிறார்கள். வண்டியைக் கொண்டுவாருங்கள், பிழையைச் செலவின்றித் திருத்தித் தருகிறோம் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். இதைச் சட்டமாக்கியதில் முன்னோடி அமெரிக்கா. 1965-ல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர், எந்த வேகத்தில் ஓட்டினாலும் அபாயகரமான கார்கள் என்று தம் புத்தகத்தின் தலைப்பிலேயே குற்றம் சாட்டினார்; மறு வருஷமே, 1966-ல், வாகனப் பாதுகாப்புச் சட்டம் அங்கே பிறந்தது. அங்கே நிறுவனங்கள் தங்கள் பழைய பில் புத்தகத்தைப் பார்த்துக் கடிதம் போட்டுவிட்டுக் கையைக் கழுவிவிட முடியாது. மாநிலப் பதிவேடுகளில் அன்றைய தேதியில் யார் பெயர் இருக்கிறதோ, அவருக்குத் தபால் போகவேண்டும். என் விஷயத்தில் தவறியது அந்த ஒரு காரியமே.

நம் நாட்டில் 2012-ல் வாகன உற்பத்தியாளர்களின் சங்கம் தானே ஒரு விதிமுறையை வகுத்துக்கொண்டது. அது சுய விருப்பத்தின்பாற்பட்டது. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 110-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. ஓட்டுகிறவருக்கோ, ஏறியிருப்பவருக்கோ, சாலையில் போகிற மற்றவருக்கோ, சுற்றுச்சூழலுக்கோ தீங்கு செய்யக்கூடிய பிழை இருந்தால், அந்த வாகனங்களைத் திருப்பி அழைக்கும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. பிழையைத் தானே கண்டு, தானே முன்வந்து தெரிவிக்கும் நிறுவனத்துக்கு அபராதம் இல்லை. அரசாங்கம் உத்தரவிட்டுத்தான் செய்யவேண்டும் என்றால் வாகனத்தின் வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து ரூ.10 லட்சம் முதல் ரூ.1 கோடி வரை அபராதம். நல்ல ஏற்பாடு, மனமார வரவேற்கிறேன். ஆயினும் மலையிலிருந்து பார்க்கும்போது அதில் இரண்டு குறைகள் தெரிகின்றன. அவற்றைச் சொல்வதற்கு முன், அறிவிப்புகளின் பாஷையைப் பற்றிச் சில வார்த்தைகள்.

நம் தமிழ்நாட்டிலேயே செய்யப்படும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களில், கிளாசிக் 350 என்ற வகையில் 26,300 வண்டிகளை 2021 டிசம்பரில் அந்த நிறுவனம் திருப்பி அழைத்தது. அவ்வருஷம் செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 5 வரை செய்தவை. பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக் உள்ளவை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் தன்னோடு டிரம் தட்டையும் இழுத்துச் சுழற்றப் பார்க்கும். அதைச் சுழலவிடாமல் தாங்கிப் பிடிக்கும் ஓர் உறுப்பு பின் ஃபோர்க்கில் இருக்கிறது. பெடலை மிக அதிகமான பலத்தோடு மிதிக்கும் சில குறிப்பிட்ட ஓட்ட நிலைமைகளில் அந்த உறுப்பு சேதமடையலாம் என்றும், சத்தம் மிகும் என்றும், பிரேக்கின் திறன் குறையலாம் என்றும் நிறுவனம் தானே முன்வந்து அறிவித்தது. அவ்வாறு முன்வந்தது கௌரவத்துக்குரிய செயல். ஆனால் 'சில குறிப்பிட்ட ஓட்ட நிலைமைகள்' என்ற சொற்றொடரைச் சென்னையில் படிப்பவர், அது தமக்கு நேரக்கூடியது என்று நினைக்கமாட்டார். மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பின்னால் மனைவியையும், முன்னால் டாங்கின்மேல் குழந்தையையும் உட்காரவைத்துக்கொண்டு அதில் இறங்குகிற ஒருவருக்கு, அந்தக் 'குறிப்பிட்ட நிலைமை' முக்கால் மணி நேரத்தில் 36 முறை வருகிறது.

மாருதி சுசூகி நிறுவனம் 2022 அக்டோபரில் வேகன் ஆர், செலரியோ, இக்னிஸ் கார்களில் 9,925-ஐத் திருப்பி அழைத்தபோது, பின் பிரேக்கில் உள்ள ஒரு முளை ஒடிந்து விபரீதமான சத்தம் எழலாம், நாளடைவில் பிரேக்கின் செயலும் பாதிக்கப்படலாம் என்று அறிவித்தது. அதற்கு முன் 2018 மே மாதத்தில் ஸ்விஃப்ட், பலேனோ கார்கள் 52,686-ஐப் பிரேக்கின் வாக்குவம் குழாயைச் சோதிப்பதற்காக அழைத்திருந்தது. 2010-ல் டொயோட்டா நிறுவனம் உலகெங்கும் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கலப்பின எரிபொருள் கார்களை அழைத்தது. மேடுபள்ளமான அல்லது வழுக்கும் சாலையில் ஒரு கண நேரம் பிரேக் விட்டுப் பிடிப்பதுபோல் தோன்றுகிறது என்பதே முறையீடு. ஒரு கண நேரம்தான். அந்த ஒரு கணத்துக்காக அத்தனை கார்களை அழைத்தார்கள்.

நான் கவனித்த வரையில், இந்த அறிவிப்புகளில் சிலவற்றில் சத்தம் என்ற சொல் முன்னால் நிற்கிறது. திறன் குறைதல் என்பது பின்னால், 'லாம்' என்ற விகுதியோடு, அடக்கமாக நிற்கிறது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் எழுதியது சராசரி மனிதருக்கு, சராசரி சாலைக்கு. 'சத்தம் வருது' என்பதைத்தான் நம் டிரைவர்களும் பணிமனையில் வந்து முதலில் சொல்கிறார்கள். சமவெளியில் அந்தச் சத்தம் ஒரு தொந்தரவு. இங்கே அதுவே கடைசி எச்சரிக்கையாக இருக்கக்கூடும். ஆகவே, ஒவ்வொரு பிரேக் அறிவிப்பிலும், மலைப்பாதையில் ஓட்டுவோர் திருத்தம் செய்யும்வரை வண்டியை இறக்கத்தில் கொண்டுசெல்ல வேண்டாம் என்று ஒரு வாக்கியம், தமிழிலும் அந்தந்தப் பிரதேச பாஷைகளிலும், முதல் வரியாக இருக்கவேண்டும் என்று கேட்கிறேன்.

இப்போது சட்டத்தின் குறைகளுக்கு வருகிறேன். அரசாங்கம் தலையிடுவதற்கு வேண்டிய முறையீடுகளை, அந்த வகை வாகனத்தின் ஆண்டு விற்பனையோடு பொருத்திக் கணக்கிடுகிறார்கள். தேசம் முழுவதற்கும் ஒரே கணக்கு. லட்சக்கணக்கில் விற்கும் ஒரு காரில், நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் ஓடுபவை எத்தனை இருக்கும்? கடலில் கரைத்த பெருங்காயம்போல அவர்களுடைய முறையீடு கரைந்துபோகிறது. பிழையை முதலில் காண்கிறவன் மலைக்காரன். ஆனால் எண்ணிக்கையில் கடைசியாக நிற்பவனும் அவனே. அதிலும் அவனுடைய முறையீடு முறையீடாகவே பதிவாவதில்லை என்பது இன்னும் பெரிய சங்கடம். ஆறிப்போன வண்டியில் குறை தெரியாது என்று முன்பே சொன்னேன். விழுந்துபோன வண்டியில் கேட்கவே வேண்டாம். மறுநாள் பத்திரிகையைப் புரட்டினால், 'டிரைவரின் கட்டுப்பாட்டை இழந்த வாகனம்' என்று ஒரே அச்சில் வார்த்ததுபோல் செய்தி இருக்கும். 2023 செப்டம்பர் 30 அன்று, தென்காசி மாவட்டத்திலிருந்து சுற்றுலா வந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த பஸ் மரப்பாலம் அருகே பள்ளத்தில் விழுந்து, 9 பேர் உயிரிழந்தார்கள். அதன் காரணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. நான் என் காரோடு தப்பித்த இடத்துக்கு வெகு அருகில் அது நடந்தது என்பதால், அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். மலையில் நேரும் ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும், வண்டியைச் சோதிக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர், அந்த வண்டி திருப்பி அழைக்கப்பட்ட பட்டியலில் உண்டா, உண்டென்றால் திருத்தப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் தம் அறிக்கையில் கட்டாயம் பதில் எழுதவேண்டும். அதற்கு ஒரு நாள்கூடப் பிடிக்காது. டிரைவரின் பிழை என்று எழுதி மூடிவிடுகிற கட்டுகளில் எத்தனை, உண்மையில் ஒரு கிளிப்பின் பிழை என்பது அப்போது தெரிந்துபோகும். இறந்த டிரைவரின் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் அது சிறிய விஷயமா?

இரண்டாவது குறை வயது. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்குத்தான் இந்த விதிகள் பொருந்தும். ஏழு ஆண்டு என்பது நகரத்தில் ஒரு காரை முதல் சொந்தக்காரர் விற்றுவிடும் வயது. அதன் பிறகுதான் அது மலைக்கு வருகிறது. தோட்டத்து ஜீப்புகளின் வயது என்ன என்று இங்கே கேட்டால் பாதிப் பேருக்குச் சிரிப்பு வரும். பச்சைத் தேயிலை ஏற்றிப்போகும் பிக்கப்பைச் சிறு விவசாயி மூன்றாம் கையில் வாங்குகிறார். கோத்தகிரியிலும் மஞ்சூரிலும் கூடலூரிலும் கேட்டுப்பாருங்கள். வயது ஏறினால் பிழைகள் குறைந்துவிடுமா? 2022 ஜூன் மாதத்தில் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம், 2004-க்கும் 2015-க்கும் இடையில் செய்த ஏறக்குறைய 10 லட்சம் கார்களை உலகெங்கும் திருப்பி அழைத்தது. பிரேக்குக்குப் பலம் கூட்டிக்கொடுக்கும் பூஸ்டரின் உறையில் ஈரம் தங்கித் துருப்பிடித்து, பிரேக்கே போய்விடக்கூடும் என்று கண்டுபிடித்தார்கள். சோதிக்கும்வரை ஓட்டவே வேண்டாம் என்று சொந்தக்காரர்களைக் கேட்டுக்கொண்டார்கள். 18 வயதான கார்களும் அதில் இருந்தன. காரணம் ஈரம் என்பதை மறுபடியும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செல்வந்தரின் பழைய காருக்குக் கிடைத்த அந்த மரியாதை, சிறு விவசாயியின் பழைய பிக்கப்புக்கும் கிடைக்கவேண்டும் என்று கேட்பதில் என்ன ஆட்சேபணை இருக்க முடியும்?

இதற்கெல்லாம் வழி உண்டா என்று கேட்பீர்கள். ஒன்று நம் கைக்கு எட்டிய தூரத்திலேயே இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி, 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்கு வருவதற்கு இ-பாஸ் வேண்டியிருக்கிறது. அதைப் பெறுவதற்கு வண்டியின் எண்ணைக் கொடுத்தாகவேண்டும். கூட்டத்தைக் கணக்கிடுவதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது. அதே எண்ணைத் திருப்பி அழைக்கப்பட்ட வாகனங்களின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, 'உங்கள் வண்டியின் பிரேக்கில் திருத்தவேண்டிய பிழை ஒன்று நிலுவையில் இருக்கிறது, மலையேறுமுன் திருத்திக்கொள்ளுங்கள்' என்று பாஸோடு சேர்த்தே ஒரு வரி அனுப்பினால் போதும். யாரையும் தடுக்கவேண்டாம், அபராதம் போடவேண்டாம். கடிதம் யார் விலாசத்துக்குப் போயிற்று என்ற சிக்கலும் இதில் இல்லை. யார் இன்று ஸ்டியரிங்கைப் பிடிக்கப்போகிறாரோ அவருடைய கைபேசிக்கே செய்தி போய்விடுகிறது. ஒருவர் வண்டியோடு மலையேறப்போகிறார் என்பதை, அவர் புறப்படுவதற்கு முன்பே அரசாங்கம் அறிந்துகொள்கிறது. அந்த அறிவை அவருடைய உயிரைக் காப்பதற்கும் உபயோகித்துக்கொள்ளக் கூடாதா? மாவட்ட நிர்வாகத்துக்கு இதை ஒரு விண்ணப்பமாக எழுதிவைத்திருக்கிறேன், சம்மதமுள்ளவர்கள் கையெழுத்திடலாம்.

நம் உள்ளூர் வண்டிகளுக்கு அந்த வழி உதவாது. அதற்காக, இந்தக் கூட்டத்தின் தலைவர் அவர்களின் அனுமதியோடு, வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். என்னிடம் படித்த இரண்டு இளைஞர்கள் அங்கே கணினியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் எண் என்று 17 எழுத்தும் எண்ணுமாக ஒன்று இருக்கும். அதைக் கொடுத்தால், அந்தந்த நிறுவனத்தின் பக்கத்தில் தட்டிப் பார்த்து, உங்கள் வண்டிக்கு ஏதேனும் அழைப்பு நிலுவையில் உண்டா என்று சொல்வார்கள். இரண்டாம் கையில் வாங்கியவர்களும், மூன்றாம் கையில் வாங்கியவர்களும் முதலில் போகவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆர்.சி. புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர்கள் கவலைப்படவேண்டாம். நாளைக் காலை பத்து மணிக்குப் பஸ் நிலையத்தின் எதிரிலும் அதே மேசை இருக்கும். வெளியே மழை பிடித்துக்கொண்டதுபோல் தெரிகிறது. இன்றிரவே கீழே இறங்கவேண்டியவர்கள் மேசையைப் பார்த்துவிட்டே வண்டியை எடுங்கள்.